பாணரைத் தேடி கெல்டிக் ஆய்விதழ்களுக்குள் போகிறவருக்கு

கேள்வி இது: "சங்கப் பாடல்களை வீரயுகக் கவிதையாகப் பார்க்கும் கைலாசபதியின் ஆங்கில நூலில் ஐரிஷ், வெல்ஷ் ஒப்பீடுகள் வருகின்றன. பாணர் மரபையும் கெல்டிக் பாடகர் மரபையும் ஒப்பிட்டு முதுகலை ஆய்வேடு எழுத விருப்பம். நெறியாளரோ, 'கெல்டிக் இடைக்கால ஆய்வுக்கென்றே இதழ்கள் இருக்கின்றன, முதலில் அவற்றைப் பாருங்கள்' என்கிறார். அவை என்ன இதழ்கள்? அந்த மொழிகள் எதுவும் தெரியாத நான் அவற்றைப் படித்து என்ன பயன்?"

உங்கள் நெறியாளர் சொன்னது மிகச் சரி. ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கைலாசபதியின் நூல் 1968-இல் வந்தது. அவருக்குக் கிடைத்த ஐரிஷ், வெல்ஷ் செய்திகள் அவருக்கும் முந்தைய தலைமுறை அறிஞர்களுடையவை. அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்தத் துறை தன் அடித்தளத்தையே தோண்டிப் பார்த்திருக்கிறது. உறுதி என்று நினைத்திருந்த பலவற்றைக் கைவிட்டிருக்கிறது. அந்த வேலையில் பெரும்பகுதி இதழ்களில்தான் நடந்தது. அவற்றைத் தொடாமல் எழுதினால், நம் பக்கம் இன்றைய சங்க ஆய்வும் அவர்கள் பக்கம் 1930-களின் கெல்டிக் ஆய்வுமாக ஒப்பீடு ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

'வீரயுகம்', அதாவது போர்வீரரின் புகழே பாடலின் மையமாக இருந்த பழங்காலம் என்ற கருத்து, நமக்கு வந்த வழியைப் பாருங்கள். ஹெக்டர் மன்ரோ சாட்விக் 1912 முதல் 1941 வரை கேம்பிரிட்ஜில் ஆங்கிலோ-சாக்சன் பேராசிரியர். வீரயுகம் பற்றிய அவருடைய நூல் 1912-இல் வெளியானது. பிறகு மனைவி நோரா சாட்விக்குடன் சேர்ந்து, பல நாட்டு வாய்மொழி இலக்கியங்களை ஒப்பிடும் மூன்று பெருந்தொகுதிகளை 1932-க்கும் 1940-க்கும் இடையே வெளியிட்டார். கைலாசபதி அந்தச் சட்டகத்தை எடுத்துக்கொண்டு பர்மிங்காமில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தார். தாம்சன் கிரேக்க அறிஞர் மட்டுமல்லர். ஐரிஷைச் சரளமாகப் பேசியவர். கால்வே பல்கலைக்கழகத்தில் ஐரிஷ் வழியாகவே கிரேக்கம் கற்பித்தவர். ஆகவே அந்த நூலில் கெல்டிக் ஒப்பீடு வருவது தற்செயல் இல்லை. நல்ல ஆசிரியர்களிடமிருந்து நேராக வந்த செல்வம் அது. ஆனால் அந்த ஆசிரியர்கள் நின்ற நிலம் பிறகு நகர்ந்துவிட்டது.

கெல்டிக் என்பதை ஓர் இனத்தின் பெயராகக் கொள்ளாமல் ஒரு மொழிக் குடும்பத்தின் பெயராகக் கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் தீரும். ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக், மாங்ஸ் ஒரு கிளை. வெல்ஷ், கார்னிஷ், பிரெத்தோன் இன்னொரு கிளை. தலைக்குப் பழைய ஐரிஷில் 'கென்', வெல்ஷில் 'பென்'. மகனுக்கு 'மக்', 'மாப்'. லத்தீனில் 'பாத்தெர்' என்று தந்தையைக் குறிக்கும் சொல் பழைய ஐரிஷில் முதல் பகரம் உதிர்ந்து 'அதிர்' ஆகிவிடுகிறது. இந்த ஒழுங்குகளையெல்லாம் முறையாகத் தொகுத்து 1853-இல் லத்தீன் மொழியில் ஓர் இலக்கணம் எழுதியவர் யோஹான் காஸ்பர் சோய்ஸ் என்ற ஜெர்மானியர். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856. மூன்றே ஆண்டு இடைவெளியில் இரண்டு மொழிக் குடும்பங்கள் தமக்கான அடிப்படை நூலைப் பெற்றன. கால்டுவெல் பிறந்தது அயர்லாந்தில் என்பதையும் சேர்த்து நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

சோய்ஸின் கையில் இருந்த சான்றுகளைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். ஆய்விதழ்கள் ஏன் பிறந்தன என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் ஐரிஷ் துறவிகள் லத்தீன் நூல்களைப் படித்தபோது, வரிகளுக்கு இடையிலும் ஓரங்களிலும் தம் மொழியில் பொருள் எழுதி வைத்தார்கள். நம் அரும்பதவுரை போன்றதுதான். அந்தத் தோல் சுவடிகளில் மூன்று முதன்மையானவை. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் பைபிளில் உள்ள பவுலின் நிருபங்கள் (கடிதங்கள்), இத்தாலியின் மிலானில் பைபிளின் சங்கீதங்கள் என்ற துதிப்பாடல்களுக்கான விளக்கம், சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலனில் பிரிஷியன் எழுதிய லத்தீன் இலக்கணம்.

அயர்லாந்திலேயே எவ்வளவோ சுவடிகள் இருக்கும்போது வெளிநாட்டு மடங்களில் கிடந்த துண்டுக் குறிப்புகளுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? கதைகளையும் பாடல்களையும் தாங்கிய ஐரிஷ் பெருந்தொகைச் சுவடிகளில் இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 1100-க்குப் பிற்பட்டவை. எட்டாம் நூற்றாண்டுக் கதை பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சுவடிக்கு வந்து சேர்வதற்குள் பல கைகள் அதைப் படியெடுத்திருக்கும். ஒவ்வொரு எழுத்தரும் அறிந்தோ அறியாமலோ தன் காலத்து மொழியைக் கலந்துவிடுவார். ஓலைச்சுவடிகளோடு பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வூர்ட்ஸ்பர்க் குறிப்புகளை அப்படி யாரும் திரும்பத் திரும்பப் படியெடுக்கவில்லை. எழுதியவன் கை எழுதியபடியே அவை கிடந்தன. அதனால் எட்டாம் நூற்றாண்டு மொழி உறைந்த நிலையில் நமக்குக் கிடைத்தது.

அந்த உறைந்த மொழிதான் அளவுகோல் ஆயிற்று. பழைய ஐரிஷில் 'அவனைக் கொன்றான்' என்றால் 'அவனை' என்பது வினைச்சொல்லுக்கு உள்ளேயே செருகப்பட்டு வரும். பிற்காலத்தில் அது வெளியே வந்து தனிச்சொல்லாக நிற்கும். பழைய மொழியில் ஆண்பால், பெண்பாலோடு மூன்றாவதாக ஒரு பாலும் இருந்தது. பிறகு அது மறைந்தது. 1100-இல் எழுதப்பட்ட சுவடியில் இத்தகைய பழைய வடிவங்கள் எவ்வளவு, புதியவை எவ்வளவு என்று எண்ணிப் பார்த்து, கதையின் எந்த அடுக்கு எந்தக் காலத்தது என்று பதிப்பாசிரியர்கள் வாதிடுகிறார்கள். கலித்தொகையும் பரிபாடலும் மற்றத் தொகைகளுக்குப் பிற்பட்டவை என்று மொழி வடிவங்களைக் காட்டி நம்மவர்கள் வாதிடுகிறார்களே, அதே முறை. ஒரு வேறுபாடு: அவர்களுக்குக் காலம் தெரிந்த உரைக்குறிப்புகள் அளவுகோலாக இருக்கின்றன. நமக்கு அந்த இடத்தில் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆனால் அவை மிகச் சிறியவை.

இந்த மாதிரி வேலை புத்தகமாக வருவதற்கு ஏற்றதல்ல. ஒரு சொல்லுக்கு இரண்டு பக்கம், ஒரு பாடலுக்கு பத்துப் பக்கம், ஒரு கதைக்கு எழுபது பக்கம் என்று சிறு சிறு துண்டுகளாக வருவது. ஒருவர் சொன்னதை அடுத்த ஆண்டே இன்னொருவர் திருத்துவார். அதற்கு ஓர் இதழ் தேவைப்பட்டது. ஆன்றி கெதோஸ் என்பவர் 1870-இல் பாரிஸில் 'ரெவ்யூ செல்டிக்' இதழைத் தொடங்கினார். 1934 வரை அது வந்தது. அதன் இடத்தை 1936-இல் ஜோசஃப் வாந்திரியேஸ் தொடங்கிய 'எத்யூத் செல்டிக்' எடுத்துக்கொண்டது.

ரெவ்யூ செல்டிக்கின் பக்கங்களைப் புரட்டினால் ஒரு பெயர் மீண்டும் மீண்டும் வரும்: விட்லி ஸ்டோக்ஸ். டப்ளினில் 1830-இல் பிறந்த இவர் தொழிலால் வழக்கறிஞர். 1862-இல் சென்னைக்கு வந்து தொழில் நடத்தினார். இந்து சட்ட நூல்களின் மொழிபெயர்ப்புத் தொகுப்பு ஒன்றை 1865-இல் சென்னையிலேயே வெளியிட்டார். பிறகு கல்கத்தா போய், 1877 முதல் 1882 வரை வைஸ்ராய் கவுன்சிலின் சட்ட உறுப்பினராக இருந்தார். பகலில் இந்தியாவுக்குச் சட்டம் வரைந்த அதே கை, இந்த நாட்டில் இருந்த இருபது ஆண்டுகளும் ஐரிஷ், கார்னிஷ், பிரெத்தோன் பாடங்களைப் பதிப்பித்துக்கொண்டே இருந்தது. அவருடைய ஐரிஷ் பதிப்புகள் சில கல்கத்தாவில் அச்சானவை. பழைய ஐரிஷ் உரைக்குறிப்புகளை ஜான் ஸ்ட்ராகனுடன் சேர்ந்து இரண்டு பெருந்தொகுதிகளாக 1901–1903-இல் கொண்டுவந்தார். இன்றும் அவை இல்லாமல் யாரும் பழைய ஐரிஷ் படிக்க முடியாது. நம் சென்னைக்கும் கெல்டிக் ஆய்வுக்கும் உண்மையான ஒரு தொடர்பு உண்டென்றால் அது இந்த மனிதர்தான்.

இதழ்கள் எப்படி இயங்குகின்றன என்பதற்கும் அவருடைய வேலையையே எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். அயர்லாந்தின் பழைய தெய்வங்கள் போரிடும் 'மாக் துரெத்' கதையை அவர் ரெவ்யூ செல்டிக்கில் 1891-இல் மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார். அவர் காலத்து ஒழுக்க உணர்வுக்கு ஒவ்வாத சில பகுதிகளை விட்டுவிட்டார். விட்ட பகுதிகளைப் பின்னர் ருடால்ஃப் துர்னைசன் ஜெர்மன் இதழில் வெளியிட்டார். முழுமையான புதிய பதிப்பு எலிசபெத் கிரேயால் 1982-இல் வந்தது. இணையத்தில் எளிதில் கிடைக்கும் 1891 பதிப்பை மட்டும் படித்துவிட்டு 'இந்தக் கதையில் இன்னது இல்லை' என்று எழுதினால் தவறிவிடுவீர்கள். உ.வே.சா. 1894-இல் புறநானூற்றைப் பதித்தபோது சிதைந்த இடங்களைச் சிதைந்தவை என்றே காட்டினார். அந்த நேர்மையைப் பழகிய நம் கண், இந்தப் பக்கமும் அதையே எதிர்பார்த்துவிடும். கவனம் தேவை.

துர்னைசன் வெளியிட்ட அந்த ஜெர்மன் இதழ் 'சைட்ஷ்ரிஃப்ட் ஃப்யூர் கெல்டிஷே ஃபிலொலோகி'. அடிக்குறிப்புகளில் இசட்.சி.பி. என்று சுருக்கியிருப்பார்கள். கூனோ மையரும் லுட்விக் கிறிஸ்டியான் ஸ்டெர்னும் ஆசிரியர்களாக, 1897-இல் ஹாலே நகரிலிருந்து முதல் தொகுதி வந்தது. இன்றும் வெளிவரும் கெல்டிக் ஆய்விதழ்களில் மூத்தது இதுவே. ஐரிஷுக்கு ஏன் ஜெர்மனி என்று கேட்கத் தோன்றும். இந்தோ-ஐரோப்பிய ஒப்பியல் அங்கேதான் செழித்திருந்தது. அதே மையர் 1903-இல் டப்ளினில் ஐரிஷ் கல்விக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதன் இதழாக 1904-இல் ஸ்ட்ராகனோடு சேர்ந்து 'ஏரியு'வைக் கொண்டுவந்தார். அயர்லாந்தின் இளைஞர்களுக்குத் தம் பழைய மொழியை அறிவியல் முறையில் படிக்கும் வாய்ப்பு அப்போதுதான் சொந்த மண்ணில் கிடைத்தது. ஏரியுவை இன்று ராயல் ஐரிஷ் அகாதெமி நடத்துகிறது.

இதழ்களின் பக்கங்களில் அரசியலின் வடுவும் தெரியும். இசட்.சி.பி.யை 1920-களிலிருந்து நடத்தியவர் யூலியஸ் பொகோர்னி. பெர்லினில் பேராசிரியர், யூத மூதாதையர் உடையவர். நாஜி ஆட்சி 1935-இல் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அவருடைய பேராசிரியர் இடமும் பிறகு இதழும் கட்சி உறுப்பினரான லுட்விக் மூல்ஹவுசன் கைக்குப் போயின. பொகோர்னி 1943-இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச் சென்றார். போருக்குப் பின் இதழ் மீண்டும் உயிர்பெற்றபோது அவர் பெயர் அதில் திரும்ப வந்தது. நூலக அடுக்கில் அந்தத் தொகுதிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கும்போது, இரண்டு முதுகுகளுக்கு நடுவில் உள்ள சிறு இடைவெளிக்குள் இத்தனையும் அடங்கியிருக்கிறது என்பது நினைவுக்கு வந்து என்னைக் கலங்க வைக்கும்.

இனி உங்களுக்கு மிகவும் தேவைப்படும் இதழ். நான் ஒன்றே ஒன்றைத்தான் பரிந்துரைக்கலாம் என்றால் 'கேம்ப்ரியன் மெடீவல் கெல்டிக் ஸ்டடீஸ்' என்பேன். பேட்ரிக் சிம்ஸ்-வில்லியம்ஸ் 1981-இல் கேம்பிரிட்ஜில் தொடங்கியது. கோடையில் ஒன்று, குளிர்காலத்தில் ஒன்று என ஆண்டுக்கு இரண்டு இதழ். தொடங்கியபோது அதன் பெயர் 'கேம்பிரிட்ஜ் மெடீவல் கெல்டிக் ஸ்டடீஸ்'. ஆசிரியர் வேல்ஸின் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்துக்குப் போனதும், 1993 குளிர்கால இதழிலிருந்து, அதாவது 26-ஆம் எண்ணிலிருந்து, 'கேம்பிரிட்ஜ்' என்பது 'கேம்ப்ரியன்' ஆயிற்று. கேம்ப்ரியா என்பது வேல்ஸுக்கான லத்தீன் பெயர். சி.எம்.சி.எஸ். என்ற சுருக்கம் மாறவில்லை. நூலகப் பட்டியலில் இரண்டும் தனித்தனி இதழ்களாகப் பதிவாகியிருக்கலாம். முதல் 25 எண்களைப் பழைய பெயரில் தேடுங்கள். மேற்கோள் காட்டும்போதும் அந்தந்தக் காலத்துப் பெயரையே எழுதுங்கள்.

இந்த இதழை முன்னால் வைப்பதற்குக் காரணங்கள் உண்டு. இசட்.சி.பி.யில் பாதி உங்களுக்குத் தேவைப்படாத ஒலியியலாக இருக்கும். கட்டுரைகள் பல ஜெர்மனில் இருக்கும். சி.எம்.சி.எஸ். ஆங்கிலத்தில் வருவது, இடைக்காலத்தோடு நிற்பது, மொழி, இலக்கியம், சட்டம், வரலாறு, சுவடியியல் ஆகியவற்றை ஒரே மேசையில் வைத்துப் பேசுவது. சாட்விக் வளர்த்த கேம்பிரிட்ஜ் துறை ஆங்கிலோ-சாக்சன், நார்ஸ், கெல்டிக் மூன்றையும் சேர்த்தே கற்பித்தது. அந்த மரபில் தொடங்கிய இதழ் அண்டை மொழிகளைப் பார்க்காமல் எதையும் தனித்த அற்புதமாகச் சொல்லாது. ஒப்பியல் செய்ய வருகிறவருக்கு இந்தப் பழக்கம் மிகவும் வேண்டும்.

சிம்ஸ்-வில்லியம்ஸ் 1986-இல், 11-ஆம் எண்ணில், எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து தொடங்குங்கள். கனவு காண்பவன், கற்பனை மிகுந்தவன், இயற்கையில் தோய்ந்தவன் என்று 'கெல்டியன்' பற்றி நிலவும் படிமம் எங்கிருந்து வந்தது என்று அதில் தேடுகிறார். அதற்கு உருக்கொடுத்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்தாளர்கள், குறிப்பாக 1850-களில் ஏர்னெஸ்ட் ரெனான், 1860-களில் மாத்யூ ஆர்னால்ட். இடைக்கால மூலங்களை நேராகப் படித்தால் அந்தப் படிமம் நிற்காது. சங்கப் பாடல்களின் இயற்கையையும் கெல்டிக் இயற்கையையும் 'ஒரே மனம்' என்று சேர்த்து எழுதும் ஆசை நம்மில் பலருக்கு வரும், எனக்கும் வந்தது. அந்தக் கட்டுரையைப் படித்த பிறகு என் குறிப்பேட்டில் ஒரு முழு அதிகாரத்தை அடித்தேன்.

அடுத்து வீரயுகம். 'டாயின்' என்ற ஐரிஷ் பெருங்கதை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஓர் அரசி காளைக்காகப் படையெடுத்து ஆநிரை கவரும் கதை. வெட்சித் திணையை அறிந்தவர் எவருக்கும் உடனே உள்ளம் துள்ளும். சாட்விக்கின் மாணவரான கென்னத் ஜாக்சன் 1964-இல், இந்தக் கதைகள் இரும்புக்காலத்தை நேராகக் காட்டும் ஒரு சாளரம் என்றார். கிறித்தவத்துக்கு முந்தைய வாய்மொழி மரபு அப்படியே எழுத்தில் இறங்கியது என்பது அவர் கருத்து. கைலாசபதி காலத்தில் மதிப்புப் பெற்றிருந்த பார்வை இது. ஆனால் 1955-லேயே ஜேம்ஸ் கார்னி இதற்கு மாறாகப் பேசியிருந்தார். கதைகளை எழுதியவர்கள் லத்தீன் கற்ற மடத்து அறிஞர்கள். அவை அவர்களுடைய இலக்கியப் படைப்புகள் என்பது அவர் பக்கம். 1981-இல் தொல்லியலாளர் ஜே.பி. மேலரி, கதைகளில் வரும் வாள்களை மண்ணில் கிடைத்த வாள்களோடு ஒப்பிட்டார். இரும்புக்கால அயர்லாந்தின் வாள்கள் குட்டையானவை. கதைகளின் வாள்களோ நீண்டு, அணி செய்த பிடியோடு, இடைக்கால வாள்களை ஒத்திருந்தன. சாளரம் என்று நினைத்தது, எழுதியவர்களின் சொந்தக் காலத்தையே காட்டும் கண்ணாடியாக இருக்கக்கூடும் என்ற ஐயம் வலுத்தது. 1990-இல் கிம் மெக்கோன் மடங்களின் பங்கை மேலும் அழுத்திச் சொன்னார். வாய்மொழிக்கு இடமே இல்லை என்று இன்று யாரும் சொல்வதில்லை. எங்கே, எவ்வளவு என்பதைப் பாடம் பாடமாக வாதிட்டு நிறுவ வேண்டியிருக்கிறது. வெல்ஷ் பக்கத்திலும் இதே கதைதான். கத்ராய்த் போரில் மாண்ட வீரர்களுக்கான 'கொதோத்தின்' இரங்கற்பாக்களின் மூலம் ஆறாம் நூற்றாண்டுக்கு அருகிலா, பிந்தியதா என்ற வழக்கு முடியவில்லை. சுவடியோ பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

இப்போது உங்கள் தலைப்பின் நடுப்பகுதிக்கு வருகிறேன். பாணர் என்பதை ஆங்கிலத்தில் 'பார்ட்' என்று மொழிபெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. அந்தச் சொல் கெல்டிக் மொழிகளிலிருந்து வந்ததால், 'பாணரும் கெல்டிக் பார்டும் ஒன்று' என்று எண்ணத் தோன்றும். ஐரிஷ் சட்ட நூல்களைத் திறந்தால் நிலைமை வேறு. அங்கே உயர்ந்தவன் 'ஃபிலி'. ஆண்டுக்கணக்கில் கற்று, யாப்பும் கதையும் வழிமுறையும் மனனம் செய்தவன். அவனுக்கு ஏழு படிநிலைகள், உச்சியில் 'ஒல்லவ்'. ஒல்லவின் மானத்துக்குச் சட்டம் வைத்த விலை, அதாவது அவனை இழிவுபடுத்தியவர் கட்ட வேண்டிய ஈட்டுத்தொகை, ஒரு சிற்றரசனின் மானவிலைக்கு ஈடு. 'பார்ட்' அவனுக்குக் கீழே நிற்பவன். முறையான கல்வி இல்லாமல் இயல்பான திறத்தால் பாடுபவன். இந்தப் படிநிலைகளைச் சொல்லும் சட்ட நூலை லியாம் பிரெத்னக் 1987-இல் பதிப்பித்தார். ஏழு என்ற எண்ணே திருச்சபையின் ஏழு நிலைகளை ஒட்டி அமைந்தது என்றும் காட்டினார். பழங்குடிப் பாடகனின் தூய வடிவம் என்று நாம் நினைக்கும் ஆள், சட்டத்தில் பாதி குருமாராக நிற்கிறான். வேல்ஸிலோ 'பார்த்' மதிப்புள்ள சொல்; அரசவையில் 'பென்கெர்த்' என்ற தலைமைக் கலைஞனும், மன்னனின் படைக்குழுவுக்குரிய 'பார்த் தெய்லி'யும் தனித்தனி உரிமைகளோடு சட்டத்தில் வருகிறார்கள். ஒரே சொல் கடல் தாண்டியதும் தகுதி மாறிவிடுகிறது.

நம் பக்கம் பாருங்கள். யாழேந்திய பாணர், பொருநர், கூத்தர், விறலியர் ஒருபுறம். கபிலர், பரணர் போன்ற புலவர் மறுபுறம். பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் பொருநன் ஒருவனின் வாயாகப் பேசுகிறார். புலவர் பாணனின் குரலை அணிந்துகொள்ளும் இலக்கியம் இது. அப்படியானால் நீங்கள் ஒப்பிடப் போவது எவரை எவரோடு? ஃபிலியைப் புலவரோடா, பார்டைப் பாணரோடா? இல்லை, கற்றவன் கல்லாதவனின் குரலைக் கடன் வாங்கும் அந்தச் செயலையா? கடைசிக் கேள்விதான் ஆய்வேட்டுக்குரியது என்பது என் கருத்து. வாய்மொழியா எழுத்தா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நெருக்கடி அதில் இல்லை. இரு பக்கமும் நம்மிடம் உள்ள பாடங்களையே வைத்து விடை தேடவும் முடியும்.

மொழி தெரியாமல் படிப்பது எப்படி என்று கேட்டீர்கள். இதழை எடுத்ததும் பின்பக்கத்து மதிப்புரைகளுக்குப் போங்கள். எந்தப் பதிப்பை நம்பலாம், எந்த வாதம் ஆட்டம் கண்டிருக்கிறது என்பதை அந்தச் சில பக்கங்களில் வெளிப்படையாகச் சொல்லிவிடுவார்கள். பதிப்புக் கட்டுரையானால் முன்னுரையை முழுதாகப் படியுங்கள்: சுவடிகள் எவை, ஒவ்வொன்றுக்கும் என்ன எழுத்துக்குறி, காலம் பற்றிய வாதம் என்ன. சொல்லுக்கு முன்னால் உடுக்குறி (*) இருந்தால் அது எந்தச் சுவடியிலும் இல்லாத, அறிஞர் ஊகித்து மீட்டெடுத்த வடிவம் என்று பொருள். அதைச் சான்றாகக் காட்டக் கூடாது. மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் அடுத்தடுத்து வைத்து, உங்களுக்கு வேண்டிய பத்துச் சொற்களை மட்டும் ராயல் ஐரிஷ் அகாதெமியின் அகராதியில் பாருங்கள். அது இணையத்தில் இலவசம். வெல்ஷுக்கும் பல்கலைக்கழகப் பேரகராதி அப்படியே கிடைக்கிறது. துர்னைசனின் பழைய ஐரிஷ் இலக்கணம் 1909-இல் ஜெர்மனில் வந்து, 1946-இல் ஆங்கிலமாயிற்று. அதை முதலிலிருந்து கடைசிவரை படிக்க முயன்று சோர்ந்துவிடாதீர்கள். ஐயம் வரும் இடத்தில் மட்டும் திறந்து பாருங்கள்.

செலவு பற்றியும் பயப்பட வேண்டாம். ரெவ்யூ செல்டிக்கின் பழைய தொகுதிகள் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்திலும், எத்யூத் செல்டிக் பெர்சே தளத்திலும் இலவசம். ஏரியு, ஆய்விதழ்களைத் தொகுத்து வைக்கும் ஜேஸ்டோர் தளத்தில் இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகத்துக்கு இணைப்பு உண்டா என்று கேளுங்கள். கார்க் பல்கலைக்கழகத்தின் தளத்தில் ஐரிஷ் மூலங்களும் மொழிபெயர்ப்புகளும் தட்டச்சு வடிவில் இருக்கின்றன. டப்ளின் உயராய்வு நிறுவனம் சுவடிகளின் படங்களையே பக்கம் பக்கமாக ஏற்றி வைத்திருக்கிறது. சி.எம்.சி.எஸ். கட்டுரை கிடைக்காவிட்டால் எழுதியவருக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். சிறிய துறை அது. தொலைவிலிருந்து ஒருவர் தம் கட்டுரையைக் கேட்டு எழுதினால் மகிழ்ந்து அனுப்புவார்கள். எனக்கு அப்படித்தான் மூன்று முறை வந்தது.

இன்று மாலையே ஒன்று செய்து பாருங்கள். சங்க்ட் காலன் மடத்தின் 904-ஆம் எண் சுவடி, பிரிஷியனின் இலக்கணம், முழுதும் சுவிஸ் நாட்டு மின்சுவடித் தளத்தில் படமாக இருக்கிறது. 112-ஆம் பக்கத்தைத் திறந்து மேல் ஓரத்தைப் பாருங்கள். லத்தீன் இலக்கணத்துக்கு நடுவில் யாரோ ஓர் ஐரிஷ் துறவி நான்கே அடிகள் எழுதியிருக்கிறார்: இன்றிரவு காற்று கடுமையாக இருக்கிறது, கடலின் வெண்கூந்தலைக் கலைக்கிறது, அமைதியான கடலில் ஏறி வரும் லோத்லின் நாட்டுக் கொடிய வீரருக்கு இன்று நான் அஞ்சவில்லை. புயலடிக்கும் இரவில் வைக்கிங்குகளின், அதாவது வடநாட்டுக் கடற்கொள்ளையரின், கப்பல் வராது என்ற நிம்மதி. அந்த லோத்லின் எந்த நாடு? நீண்ட காலம் நார்வே என்றார்கள். டொன்னக்கா ஓ கோரான் 1998-இல், இடைக்கால ஆய்விதழான 'பெரிட்டியா'வின் 12-ஆம் தொகுதியில், அது ஸ்காட்லாந்தில் வைக்கிங்குகள் பிடித்திருந்த பகுதி என்று வாதிட்டார். பக்க ஓரத்துச் சொல் ஒன்று நார்வேயிலிருந்து ஸ்காட்லாந்துக்கு இடம் பெயர்ந்தால், ஒன்பதாம் நூற்றாண்டு அயர்லாந்தைத் தாக்கியவர்கள் எங்கிருந்து புறப்பட்டார்கள் என்ற வரலாறே மாறும். முதலில் அந்தப் பக்கத்தைப் பாருங்கள், பிறகு அந்தக் கட்டுரையைப் படியுங்கள். இடையில் எங்காவது தடுக்கினால் இங்கேயே கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.